யார் விலகுவார் என்று மதிப்பெண் போடும் மென்பொருள்: ஆள்குறைப்புக்கு இதை எடுத்துக்கொள்ளலாமா?

பைன்டவுன்காரி:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் கிடங்கும் கால் சென்டரும் சேர்ந்த ஒரு கம்பெனியில் எச்.ஆர். பார்க்கிறேன். ஜோஹன்னஸ்பர்க் தலைமை அலுவலகம் போன வருடம் ஒரு மென்பொருள் வாங்கியது. பேரோல், லீவ், விரல் வைக்கும் கிளாக்-இன் மெஷின், மேலாளர் போடும் வருடாந்திர மதிப்பீடு எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொண்டு, ஒருவர் அடுத்த ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போவாரா என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும். அதன்படி சிவப்பு, மஞ்சள், பச்சை.

முதலில் எனக்கும் ஆர்வம்தான். ஆள் போன பிறகு எக்ஸிட் இன்டர்வியூ வைத்துப் புலம்புவதைவிட முன்னாடியே தெரிந்தால் நல்லதுதானே. இப்போது நிலைமை வேறு. இரண்டு துறைகளை ஒன்றாக்குகிறார்கள், வாடிக்கையாளர் கேள்விகளுக்குச் சாட்பாட் வருகிறது, கொஞ்சம் பேரைக் குறைக்கப்போகிறார்கள். போன வாரக் கூட்டத்தில் ஒருவர், "எப்படியும் போகப்போகிறவர்கள் யார் என்று சிஸ்டமே சொல்கிறதே, அவர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாமே" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

அன்று சாயங்காலம் அந்த மதிப்பெண் எப்படி வருகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். அதிக எடை வீட்டிலிருந்து வேலைக்கு வரும் தூரத்துக்கு. அடுத்தது லேட்டாக வந்த நிமிடங்கள். அதற்கடுத்து திங்கள், வெள்ளிகளில் எடுத்த லீவ். சிவப்புப் பட்டியலில் பாதிக்கு மேல் ஃபீனிக்ஸ், உம்லாஸி, க்வாமாஷு முகவரிகள்.

அடுத்த வாரம் மறுபடியும் கூட்டம் இருக்கிறது. நான் என்ன பேசலாம்?

உம்லங்கா மேனேஜர்:

அக்கா, எல்லோரும் உங்கள் பக்கம்தான் பேசுவார்கள். அதனால் நான் அந்தப் பக்கம் பேசிவிடுகிறேன். மென்பொருள் வருவதற்கு முன் ஆள் எடுத்ததும் குறைத்ததும் எப்படி? ஃபோர்மேனுக்கு மச்சான் என்றால் வேலை நிச்சயம். எந்த ஸ்கூல், என்ன சர்நேம், எந்தக் கோயில் கமிட்டி என்று பார்த்து சி.வி.யை ஒதுக்கியதை நானே பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் ஒரு வரிகூடப் பதிவு கிடையாது. இந்த மெஷினில் எதற்கு எவ்வளவு எடை என்று திறந்து பார்க்க முடிகிறது. பார்த்ததால்தானே நீங்களும் இந்தக் கேள்வியோடு வந்திருக்கிறீர்கள்? ஃபோர்மேன் மனசை அப்படித் திறந்து பார்க்க முடியுமா?

ஜோபர்க் டேட்டா:

மேனேஜர் அண்ணா சொல்வதில் பாதி சரி. திறந்து பார்க்க முடிகிறது என்பது பெரிய விஷயம். ஆனால் ஃபோர்மேனின் பழைய முடிவுகளைத்தான் மெஷினுக்குப் பாடமாகக் கொடுத்திருக்கிறோம். அமேசானில் நடந்தது நினைவிருக்கும். பத்து வருடமாக வந்து சேர்ந்த சி.வி.களைக் கொடுத்து ஆள் தேர்வுக்கு ஒரு கருவி செய்தார்கள். அந்தப் பத்து வருடமும் விண்ணப்பித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் என்ற சொல் வரும் சங்கம், குழு ஏதாவது சி.வி.யில் இருந்தால் அது மதிப்பெண்ணைக் குறைத்தது. சரிசெய்யப் பார்த்து முடியாமல் கைவிட்டார்கள். 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் அதை வெளியே கொண்டுவந்தது.

இப்போது அக்காவின் பட்டியல். தூரம் என்பது சில நாட்டில் வெறும் கிலோமீட்டராக இருக்கலாம். நம் ஊரில் அது 1950இன் குரூப் ஏரியாஸ் சட்டம். யார் எங்கே குடியிருக்கலாம் என்று அரசாங்கம் தோல் நிறம் பார்த்துக் கோடு போட்டது. இந்திய வம்சாவளியான நம் ஆட்களை 60களில் சாட்ஸ்வர்த்துக்கும் 70களில் ஃபீனிக்ஸுக்கும் தள்ளினார்கள். ஆப்பிரிக்கர்களை உம்லாஸிக்கும் க்வாமாஷுவுக்கும். சட்டம் போய் 30 வருடத்துக்கு மேல் ஆகிறது, வீடுகள் அங்கேயேதான் இருக்கின்றன. அதனால் இங்கே ஒரு கணிப்பு மாடல் தூரத்தைப் பார்க்கிறது என்றால், டேட்டா அட்டவணையில் இனம் என்ற பத்தியே இல்லாமல் இனத்தைப் பார்க்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. அமெரிக்காவில் ஸெராக்ஸ் கம்பெனி, எவால்வ் என்ற நிறுவனத்தின் பகுப்பாய்வை வைத்துக் கால் சென்டருக்கு ஆள் எடுத்தபோது, பக்கத்தில் குடியிருப்பவர்கள் அதிக நாள் நிற்கிறார்கள் என்று தெரியவந்தது. கணக்கு சரிதான். ஆனாலும் அதை ஆள் தேர்வில் சேர்க்கவில்லை. சிறுபான்மையினர் வாழும் பகுதிகளையே ஒதுக்கினது போல ஆகிவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

தூரப் பத்தியை அழித்தால் போதும் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள், தயாராக இருங்கள். போதாது. லேட் நிமிடங்களிலும் போக்குவரத்துப் படியிலும் அதே தூரம்தான் ஒளிந்திருக்கிறது. ஒரு எளிய சோதனை: தூரத்தை எடுத்துவிட்டு, மீதிப் பத்திகளை மட்டும் வைத்து ஊழியரின் இனத்தை ஊகிக்க ஒரு மாடல் போடச் சொல்லுங்கள். அது நன்றாக ஊகித்தால் விஷயம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஐரோப்பாவில் பல கம்பெனிகளிடம் ஊழியரின் இனம் பற்றிய பதிவே இருக்காது, சோதிக்க நினைத்தாலும் முடியாது. இங்கே எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று அரசுக்குக் கொடுக்கும் எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி அறிக்கைக்காக அது உங்கள் எச்.ஆர். சிஸ்டத்திலேயே கிடக்கிறது. வருடாவருடம் ஃபாரம் நிரப்பி அனுப்பியதோடு சரி, வேறு எதற்கும் யாரும் தொடுவதில்லை.

அப்புறம் ஒன்று. விற்க வந்தவர் எத்தனை சதவீதம் துல்லியம் என்றார்? ஐ.பி.எம். தலைவராக இருந்த ஜின்னி ரொமெட்டி 2019இல் தங்கள் கருவி 95 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்றார். அதிலிருந்து எல்லா விற்பனையாளருக்கும் தொண்ணூறுக்குக் குறைந்து வாய் வருவதில்லை. 100 பேரில் 10 பேர் போகிற இடத்தில், "ஒருவரும் போக மாட்டார்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 90 சதவீதம் சரி.

பைன்டவுன்காரி:

அதே 90தான் சொன்னார்கள்!

ஜோபர்க் டேட்டா:

எதிர்பார்த்தேன். போன வருடம் சிவப்பில் இருந்தவர்களில் நிஜமாகவே போனவர்கள் எத்தனை, போனவர்களில் சிவப்பில் இருந்தவர்கள் எத்தனை என்று இரண்டே எண் எடுங்கள். பேரோல் ஆளிடம் கேட்டால் ஒரு மத்தியான வேலை.

மெரிபேங்க் தாத்தா:

அம்மா, நான் தையல் ஃபேக்டரியில் ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவன். 1973 ஜனவரியில் கொரோனேஷன் செங்கல் கம்பெனியில் தொடங்கி டர்பன் முழுக்க வேலைநிறுத்தம் பரவியபோது பள்ளிக்கூடப் பையன். பிறகு ஃபேக்டரிக்குள் போனபோது ஸ்டாப்வாட்ச் பிடித்த ஒருவன் வந்து எங்கள் மிஷின் பக்கத்தில் நிற்பான். ஒரு காலர் தைக்க எத்தனை செகண்ட் என்று எழுதிக்கொள்வான். எங்களுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ஆனால் அவன் நிற்பது கண்ணுக்குத் தெரியும். நூல் அறுந்துபோச்சு, அதைக் கழி என்று அவனிடம் சண்டை போடலாம். போட்டிருக்கிறோம், கழிக்கவும் வைத்திருக்கிறோம்.

உங்கள் ஆட்களுக்குத் தங்கள் பெயருக்கு எதிரே ஒரு நம்பர் இருக்கிறது என்று தெரியுமா? இதை முதலில் சொல்லுங்கள்.

பைன்டவுன்காரி:

தெரியாது தாத்தா. மேலாளர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஊழியர்களிடம் சொன்னால் "நடத்தையை மாற்றிக்கொள்வார்கள், கணிப்பு கெட்டுவிடும்" என்றார்கள்.

மெரிபேங்க் தாத்தா:

நல்லா இருக்கிறது நியாயம்.

லேபர் வக்கீல்:

தாத்தா கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் கம்பெனி காகிதங்களைப் பார்க்காமல் ஆலோசனை என்று சொல்ல மாட்டேன்.

போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கட்டுப்படுத்துகிறது. விரல்ரேகை அதில் சிறப்புப் பாதுகாப்பு உள்ள தகவல். கிளாக்-இன் மெஷினை எதற்கு வைத்தீர்கள்? சம்பளக் கணக்குக்கு. ஒரு நோக்கத்துக்கு வாங்கிய தகவலை வேறொன்றுக்குக் கொண்டுபோனால், முதல் நோக்கத்தோடு அது பொருந்த வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. சம்பளக் கணக்கும் "இவர் போய்விடுவாரா" என்ற ஊகமும் எப்படிப் பொருந்தும் என்று தலைமை அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

71ஆம் பிரிவுதான் உங்களுக்கு முக்கியம். ஒருவரைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவை, அவருடைய வேலைத்திறன், நம்பகத்தன்மை, இருப்பிடம், நடத்தை போன்றவற்றைத் தானியங்கியாக அலசி உருவாக்கிய சித்திரத்தை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு. அங்கேயும் அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, மதிப்பெண் எந்தத் தர்க்கத்தில் வந்தது என்ற விளக்கம் போன்ற பாதுகாப்புகளைச் சட்டம் எதிர்பார்க்கிறது. "மட்டும்" என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் ஒரு மேலாளர் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது என்பார்கள். பட்டியலைப் பார்க்காமலே போட்ட கையெழுத்தை மனித முடிவு என்று வாதாட நான் அந்த மேலாளருக்கு வக்கீலாகப் போக மாட்டேன்.

ஆள்குறைப்புக்கு லேபர் ரிலேஷன்ஸ் சட்டத்தின் 189ஆம் பிரிவு. குறைக்கலாம் என்று யோசிக்கும்போதே கலந்துபேச வேண்டும், முடிவு செய்த பிறகு அல்ல. காரணம் என்ன, வேறு வழி என்ன பார்த்தீர்கள், எத்தனை பேர், எந்த அடிப்படையில் தேர்வு, எல்லாம் கடிதத்தில் வேண்டும். தேர்வு அடிப்படையில் இரு தரப்பும் ஒத்துவராவிட்டால் அது நியாயமானதாகவும் புறவயமானதாகவும் இருந்தாக வேண்டும். சேவைக்காலம், திறமை, தகுதி என்று வழக்கமாக வருவதெல்லாம் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சி.சி.எம்.ஏ. அமைப்பின் கமிஷனருக்குப் புரியும். "சிஸ்டம் 78 போட்டது" என்றால் ஏன் 78 என்று கேட்பார். பதவிநீக்கம் நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அது எங்கள் வியாபார ரகசியம் என்று மென்பொருள்காரர் சொல்வது அங்கே எடுபடாது. தூரத்தின் வழியாக இனப் பாகுபாடு என்று நிரூபணமானால் இழப்பீட்டின் உச்சவரம்பு 12 மாதச் சம்பளத்திலிருந்து 24க்குப் போகும். நிதி இயக்குநர் இந்த எண்ணைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்.

ஏ.ஐ.க்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை, 2024 ஆகஸ்டில் வந்தது ஒரு கொள்கைச் சட்டகம்தான். அதனால் எதையும் செய்யலாம் என்று நினைக்கிறார்கள். கையில் இருக்கும் சட்டங்களே தாராளமாகப் போதும்.

நைட் ஷிஃப்ட்:

நான் அந்தச் சிவப்புப் பட்டியலில் வருகிற ரகம். இதே கம்பெனி இல்லை, வேறு கால் சென்டர். இங்கிலாந்து வாடிக்கையாளர்கள்.

எங்களுக்கு ஒவ்வொரு காலுக்கும் மதிப்பெண். பேச்சின் தொனி, இடையில் விட்ட மௌனம், "பரிவு" எல்லாம் மெஷின் அளக்கும். ஒரு பெரியவர் அக்கவுன்ட் நம்பர் படிக்கக் கண்ணாடி தேடிப் போவார். அந்த நேரம் முழுக்க மௌனம், என் கணக்கில் மார்க் குறையும். பரிவுக்கு மார்க் எப்படி ஏறும் என்று எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். "ஐ அன்டர்ஸ்டாண்ட்" என்று சொன்னால் ஏறும். அதனால் பார்சல் வந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்கிற அம்மாவிடமும் "ஐ அன்டர்ஸ்டாண்ட்" என்கிறோம்.

லேட் விஷயம் சொல்கிறேன். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு நான் ஃபீனிக்ஸிலிருந்து இரண்டு டாக்ஸி, அதாவது பலர் சேர்ந்து போகும் மினிபஸ், மாற வேண்டும். வார்விக் ஜங்ஷனில் இரண்டாவது டாக்ஸி நிரம்பாமல் எடுக்க மாட்டார்கள். மழை நாளில் நிரம்பவே நிரம்பாது. ஏழு நிமிடம் லேட் என்று மெஷின் எழுதிக்கொள்ளும். வசதியானவர்கள் வாழும் உம்லங்காவில் குடியிருக்கும் டீம் லீடர் ட்ராஃபிக் என்று அரை மணி தாமதமாக வருவார், அவருக்கு விரல் வைக்கும் மெஷினே கிடையாது.

பைன்டவுன்காரி:

தம்பி, நீ சொன்னதும் எந்தக் காலத்து டேட்டாவைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். 2021 முதல் 2023 வரை. அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பன் கிடங்குகள் சூறையாடப்பட்டபோது எங்கள் ஆட்களில் பலர் வாரக்கணக்கில் வர முடியவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ரோடே போனது, டோங்காட் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. 2023இல் தினம் தினம் லோட் ஷெட்டிங், கரண்ட் போனால் கிளாக்-இன் மெஷினும் போய்விடும், பிறகு கையால் எழுதியதை யாரோ அவசரமாக ஏற்றியிருக்கிறார்கள். இத்தனையும் சிஸ்டத்தில் "வருகைக் குறைவு" என்ற ஒரே பெயரில் இருக்கிறது.

ஜோபர்க் டேட்டா:

வெள்ளத்தில் வீடு போனவருக்கு "ஈடுபாடு குறைவு" என்று மெஷின் எழுதியிருக்கும். அந்த மாதங்களைத் தனியாகக் குறியிட்டு விலக்கச் சொல்லுங்கள். இது கூட்டத்தில் எடுபடும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் அந்த ஜூலையை வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு கழித்தவர்கள்தானே.

லீவ் பத்தியையும் பாருங்கள். கிறிஸ்துமஸும் குட் ஃப்ரைடேயும் நாடு முழுக்க விடுமுறை. தீபாவளி, காவடி, ஈத் எதற்கும் நாம் சொந்த லீவ்தான் போட வேண்டும். அது திங்களிலோ வெள்ளியிலோ விழுந்தால் நம் ஆளுக்கு மட்டும் ஒரு புள்ளி ஏறும். ஈசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழா ஈஸ்டரில் வருவதால் அவள் தப்பித்தாள்!

லேபர் வக்கீல்:

எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டத்தின் 6ஆம் பிரிவில் மதமும் பண்பாடும் பெயரோடு இருக்கின்றன. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உம்லங்கா மேனேஜர்:

சரி, ஆள்குறைப்புக்கு இது வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மென்பொருளையே தூக்கிப் போடச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு ஆளை எடுத்துப் பயிற்சி கொடுத்து மூன்றாவது மாதம் அவர் போய்விட்டால் எனக்கு எவ்வளவு நஷ்டம் என்று யாரும் கேட்பதில்லை. ஏன் போகிறார்கள் என்று தெரிய வேண்டாமா? எக்ஸிட் இன்டர்வியூவில் எல்லோரும் "வேறு நல்ல வாய்ப்பு" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

ஜோபர்க் டேட்டா:

தூக்கிப் போடச் சொல்லவில்லை அண்ணா. மதிப்பெண் ஆள் பெயருக்கு எதிரே இருப்பதுதான் எனக்குப் பிரச்சினை. சிவப்பு என்று பார்த்ததும் மேலாளர் என்ன செய்வார்? எப்படியும் போகப்போகிறவர் என்று பயிற்சிக்கு வேறு ஆளை அனுப்புவார். மூன்று மாதத்தில் அவரும் போவார். "பார்த்தீர்களா, கணிப்பு பலித்தது" என்று அறிக்கை வரும்.

அதே டேட்டாவைப் பெயரை எடுத்துவிட்டு ஷிஃப்ட் வாரியாக, துறை வாரியாக, மேலாளர் வாரியாகக் கூட்டிப் பாருங்கள். எந்த ரோஸ்டரில் ஆள் நிற்பதில்லை, யார் டீமில் நிற்பதில்லை என்று தெரியும். கம்பெனியால் மாற்றக்கூடியது அவைதான். ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்பதை உங்களால் மாற்ற முடியாது. அவருடைய ஷிஃப்ட் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்பதை மாற்றலாம்.

மெரிபேங்க் தாத்தா:

மேலாளர் வாரியாகப் பார்க்க மட்டும் விட மாட்டார்கள், பந்தயம்.

நைட் ஷிஃப்ட்:

சாட்பாட் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் இடத்திலும் வருகிறது. 2024இல் க்ளார்னா கம்பெனி தங்கள் ஏ.ஐ. 700 பேர் வேலையைச் செய்கிறது என்று அறிவித்தபோது எங்கள் மேனேஜர் அதைச் சுவரில் ஒட்டாத குறை. அடுத்த வருடமே அவர்கள் தரம் குறைந்தது என்று மறுபடியும் மனிதர்களை எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தச் செய்தியை மட்டும் யாரும் எங்களுக்கு அனுப்பவில்லை.

பைன்டவுன்காரி:

அதுவும் என் தலைவலிதான் தம்பி. மாற்றம் வருகிறது என்று ஊழியர்களிடம் சொல்ல, தலைமை அலுவலகம் ஒரு "பல்ஸ் சர்வே" அனுப்பியது. வாராவாரம் ஃபோனில் மூன்று கேள்வி, பதிலை ஏ.ஐ. படித்து மனநிலை சொல்லும். இங்கிலீஷும் ஸூலூவும் கலந்து எழுதியதை எல்லாம் "நடுநிலை" என்று போட்டிருந்தது. கிடங்கு ஆட்களில் பலர் பதிலே போடவில்லை. பெயர் இல்லை என்று சொல்கிறோம், ஆனால் நான்கு பேர் டீமில் பெயர் இல்லாவிட்டால் என்ன, யார் என்று தெரியாதா? அவர்களுடைய உண்மையான பேச்சு எல்லாம் ஷிஃப்ட் வாட்ஸ்அப் குழுவில். அதற்குள் நுழையவும் கூடாது, நுழையச் சொன்னாலும் மாட்டேன்.

மெரிபேங்க் தாத்தா:

சூப்பர்வைசர்களை முதலில் உட்கார வைத்துச் சொல்லுங்கள் அம்மா. ஃபேக்டரி மூடப்போகிறது என்ற செய்தி எங்களுக்குப் பேப்பரிலிருந்து வந்தது. சூப்பர்வைசருக்கும் அப்போதுதான் தெரியும். அன்றைக்கே அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை என்று ஆகிவிட்டது, அவர் நல்ல மனிதர்தான்.

பைன்டவுன்காரி:

கூட்டம் முடிந்தது, நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பேரோல் பையனை வைத்து எண்கள் எடுத்தேன். போன வருடம் சிவப்பில் இருந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர்கூட நிஜமாக வேலையை விட்டுப் போகவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் மஞ்சளிலும் பச்சையிலும் இருந்தவர்கள். இதைத் திரையில் போட்டதும் அறை அமைதி. பிறகு வக்கீல் சார் சொன்ன 24 மாதம். நிதி இயக்குநர் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

முடிவு: ஆள்குறைப்பில் மதிப்பெண்ணைத் தொடுவதில்லை. 189 கடிதத்தில் சேவைக்காலமும் திறமையும்தான் போகும், யூனியனோடு பேசிய பிறகு. தனிநபர் மதிப்பெண் மேலாளர் திரையிலிருந்து எடுக்கப்படும். இதுவரை போட்டு வைத்ததை ஊழியர்களிடம் சொல்வதா என்பதில் இழுபறி. நான் சொல்ல வேண்டும் என்கிறேன், தலைமை அலுவலகம் "சட்டத்துறையிடம் கேட்கிறோம்" என்கிறது. தாத்தா பந்தயத்தில் ஜெயித்தார், மேலாளர் வாரியான கணக்குக்கு அனுமதி இல்லை.

ஷிஃப்ட் வாரியாகப் பார்த்தோம். காலை ஆறு மணி ஷிஃப்டிலும் இரவு பத்து மணிக்கு முடியும் ஷிஃப்டிலும்தான் ஆள் நிற்பதில்லை. பகல் ஷிஃப்டில் உம்லாஸிக்காரரும் பைன்டவுன்காரரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி.

லேபர் வக்கீல்:

அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், 17ஆம் பிரிவு. மாலை ஆறு முதல் காலை ஆறு வரையிலான இரவு வேலைக்கு, ஷிஃப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் வீட்டுக்கும் வேலைக்கும் இடையே போக்குவரத்து கிடைக்க வேண்டும். கம்பெனியே வேன் விட வேண்டும் என்று இல்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு அந்த ரூட்டில் டாக்ஸி கிடையாது என்றால் "கிடைக்கிறது" என்று சொல்லி நழுவ முடியாது.

பைன்டவுன்காரி:

அதைத்தான் கேட்டேன். இரவு ஷிஃப்டுக்கு இரண்டு ரூட் வேன், காலை ஷிஃப்ட் ஆறுக்குப் பதில் ஆறரை. சோதனையாக ஆரம்பிக்கச் சம்மதம், செலவைக் கணக்கிட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். டேட்டா தம்பி, எத்தனை மாதம் ஓட்டிப் பார்த்தால் ஏதாவது சொல்ல முடியும்?

ஜோபர்க் டேட்டா:

ஆறு மாதமாவது. ஒரு ரூட்டை முதலில் தொடங்கி, இன்னொன்றை இரண்டு மாதம் கழித்து விட்டால் ஒப்பிடுவது எளிது. ஜனவரியை மட்டும் தனியாக வையுங்கள். டிசம்பர் போனஸ் கையில் விழுந்ததும் போகிறவர்களை வீட்டு வாசலுக்கே வேன் அனுப்பினாலும் நிறுத்த முடியாது.

நைட் ஷிஃப்ட்:

அக்கா, உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா?